நம் வீட்டுத் தளத்தில் நான் வைத்த கண்ணாடி

ரெட்டிபாளையம்,
கார்த்திகை 22.

அன்பு மகள் அபிநயாவுக்கு அம்மா எழுதுவது. மூட்டு வலி ஒன்றைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன், பிரஷர் மாத்திரையை விடவில்லை. சவுதியில் அந்தத் தமாமில் ஆஸ்பத்திரி வேலை எவ்வளவு இருந்தாலும் நீ உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாய் இருக்கவேண்டும் என்று வீரனார் சாமியை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், நீ அழுதால் எனக்கு வாய் அடைத்துப்போகிறது, அப்புறம் நீ சொல்வதற்கெல்லாம் ம் ம் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். காகிதம் குறுக்கே பேசாது. அரியலூர் கண்ணாடிக் கடை காதர் பாட்சா பாயின் மகன் பிலால் வியாழக்கிழமை தமாமுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். எட்டாவது படித்தவள் எழுத்து, பிழை இருக்கும், பொறுத்துப் படி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டை உன் பெரியப்பா பழனிவேலுக்கு எழுதிக் கொடுக்கமாட்டேன். அவர் மாடியில் ஒதுக்கித் தருவதாகச் சொல்லும் அறைக்கும் போகமாட்டேன். நடு அறையின் தளத்தை உடைத்து வெளிச்சத்துக்குக் கண்ணாடி வைத்தது உண்மை, என் கையால் வைத்தேன், யார் சொன்னாலும் மூடப்போவதில்லை. அவர் உனக்கு அனுப்பிய போட்டோவில் தரையெல்லாம் தண்ணீர் நின்றதும் உண்மைதான், ஆனால் அது ஐப்பசி மாதத்துப் படம். அதற்குப் பிறகு நடந்ததை அவர் படம் எடுத்து அனுப்பவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

சித்திரையில் நீ லீவு முடிந்து போன மறுவாரமே அவர் மாட்டுக்கொட்டகையைப் பிரித்துப் போட்டுவிட்டு மாடி வீடு கட்ட ஆரம்பித்தார். கட்டட்டும், அவர் இடம், அவர் பிள்ளைகள் சம்பாத்தியம், எனக்கு வயிற்றெரிச்சல் கிடையாது. ஆனால் நம் நடு அறைக்கு இருக்கிற ஒரே சன்னல் அந்தப் பக்கம்தான் என்பது உன் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணனுக்குத் தெரியாதா. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போதே போய், "மாமா, ஒரு ரெண்டடி தள்ளிப் போடுங்க, எங்களுக்குக் காத்தும் வெளிச்சமும் வேற வழியில்ல" என்று கேட்டேன். "என் இடத்துல நான் எங்க கட்டணும்னு நீ அளந்து குடுக்கிறியா" என்றார். ஆடி முடிவதற்குள் சன்னலுக்கு வெளியே முழங்கை நீட்ட முடியாத தூரத்தில் சுவர் எழும்பி இரண்டு மாடிக்குப் போய்விட்டது. பட்டப்பகலில் லைட் போட்டால்தான் அரிசியில் கல் பார்க்கமுடியும் என்று ஆகிவிட்டது. கரண்ட் போனால் கிணற்றுக்குள் உட்கார்ந்த மாதிரிதான். ஆவணியில் ஒரு நாள் மத்தியானம் கரண்ட் இல்லாத நேரம் பருப்பு டின்னுக்குப் பின்னால் கையை விட்டேன், தேள் கொட்டிவிட்டது. செல்லக்கண்ணு அக்காதான் ஆட்டோவில் போட்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறேன், பயப்படாதே.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே பெரியப்பா நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். பார்க்க வந்தார் என்று நினைத்தேன். "வெளிச்சம் வேணும்னா எங்க மாடிக்கு வந்து இரு. ஒண்டியாளுக்கு எதுக்குத் தனி வூடு? எழுதிக் குடுத்துட்டா நான் ரெண்டையும் சேத்துக் கட்டிப்பேன். அபிநயாகிட்டயும் பேசிட்டேன், அதுவும் சரின்னுடுச்சு" என்றார். கண்ணு, நீ சரி என்று சொன்னாயா இல்லை யோசிக்கிறேன் என்று சொன்னாயா எனக்குத் தெரியாது, நான் இன்றுவரை கேட்கவில்லை. என் மேல் இருக்கிற கவலையில் சொல்லியிருப்பாய். ஆனால் நான் குடியிருக்கும் வீட்டைப் பற்றி என்னைக் கேட்காமல் நீங்கள் இரண்டு பேரும் பேசியிருக்கிறீர்கள் என்றதும் அன்றைக்கு எனக்கு உலை வைக்கவே கை வரவில்லை. இது அரசாங்கம் கொடுத்த தொகுப்பு வீடுதான், சின்ன வீடுதான். உன் அப்பா கம்பி கட்ட, நான் வயிற்றில் உன்னை வைத்துக்கொண்டு கலவை சுமக்க எழும்பிய வீடு, பட்டா என் பேரில் இருக்கிறது. வெளிச்சம் இல்லை என்பதற்காக ஒருத்தி வீட்டை விட்டுப் போகவேண்டும் என்றால், அந்த வெளிச்சத்தை மறைத்தவர் சொன்னபடிதானே நடக்கிறது என்று யோசித்தேன். பக்கத்தில் மறைக்கலாம், மேலே யார் மறைப்பார்கள் என்று அப்போதுதான் தோன்றியது.

கிருஷ்ணமூர்த்தி மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். அவருக்குக் கீழே நான் இருபத்திரண்டு வருஷம் சித்தாள், நான் சொன்னால் வருவார் என்று நம்பிப் போனேன். கேட்டுவிட்டு, "தளத்துல கைவச்சா மொத்தமா எறங்கிடும் வெற்றி, அதோட பழனிவேலு வேற சண்டைக்கு வருவாரு, எனக்கு எதுக்கு வம்பு" என்றார். அப்படியானால் நானே செய்துகொள்கிறேன் என்றேன். அங்கே நின்ற ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். "சட்டி தூக்கறவ ஓட்டை போட்ட வூட்ல எவன் படுப்பான்" என்று மேஸ்திரி சொன்னார். அபிநயா, எத்தனை வீட்டில் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் இரண்டு சுவர் சேரும் மூலை மடக்கை நான் பூசி முடித்திருக்கிறேன், அவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த சுவருக்குப் போவார். வீட்டுக்காரர்கள் மேஸ்திரி பூச்சு கண்ணாடி மாதிரி இருக்கிறது என்பார்கள். நான் சட்டியோடு பக்கத்தில் நிற்பேன். அன்றைக்குத் திரும்பி நடந்து வரும்போது கால் வலிகூடத் தெரியவில்லை, அவ்வளவு கோபம்.

கோபத்தில் கண்டபடி உடைக்கவில்லை, அதை நீ நம்பவேண்டும். செந்துறை ரோட்டில் பள்ளிக்கூடக் கட்டடம் எழும்பியபோது சைட்டில் சக்தி என்று ஒரு இன்ஜினியர் பெண் இருந்தாள், எங்களை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்குப் போன் போட்டேன், ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் வந்துவிட்டாள். மேலேயும் கீழேயும் தட்டிப் பார்த்து, மேற்குச் சுவர்ப் பக்கமாக ரெண்டடிக்கு ரெண்டடி சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தாள். "கம்பிய மட்டும் அறுத்துடாதீங்கக்கா. கான்கிரீட்ட மட்டும் கொத்தி எடுங்க, கம்பி குறுக்கும் நெடுக்குமா அப்படியே கெடக்கட்டும், அதுக்கு நடுவுல வெளிச்சம் தாராளமா வரும். அடியில முட்டுக் குடுக்காம உளியே வைக்காதீங்க, மிஷின் வேணாம், அதிரும்" என்றாள். உங்க வீட்டுக்காரர் கம்பியை நெருக்கமாகத்தான் கட்டியிருக்கிறார், தளம் கெட்டியாக இருக்கிறது என்றும் சொன்னாள். எனக்கு அதைக் கேட்க நன்றாக இருந்தது.

செல்லக்கண்ணு அக்கா சவுக்குக் கம்பு எட்டு கொண்டுவந்தாள். அவளும் என்னோடு சித்தாள் வேலை பார்த்தவள்தான், என்னைவிட நாலு வயசு மூத்தவள், வாய் மட்டும் என்னைவிடப் பத்து மடங்கு. பலகை கொடுத்து முட்டு வைத்துவிட்டு, நான் மேலே ஏறினேன், அவள் அறைக்குள் நிற்காமல் வாசற்படியில் நின்று முட்டு அசைகிறதா என்று பார்த்துக்கொண்டாள். உளியும் சுத்தியும் எடுத்து மூன்று நாள் கொத்தினேன். முதல் நாள் வெறும் மேல்பூச்சுதான் போனது, கட்டைவிரலில் இரண்டு தடவை அடித்துக்கொண்டு நகம் கறுத்துவிட்டது. உன் பெரியம்மா தங்கள் மாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "நடு வூட்ல வானம் தெரிஞ்சா குடும்பத்துக்கு ஆவாதுடி" என்றார். செல்லக்கண்ணு அக்கா கீழேயிருந்து குரல் கொடுத்தாள், "ஏன்க்கா, உடையார்பாளையத்துல பெரிய பெரிய வூட்டுல எல்லாம் நடுவுல முற்றம் வச்சுத்தான கட்டியிருக்கான், அவன் குடும்பம் எல்லாம் அழிஞ்சா போச்சு? வெயிலு அவன் வூட்ல விழுந்தா லட்சுமி, காலனி வூட்ல விழுந்தா மூதேவியா?" பெரியம்மா உள்ளே போய்விட்டார். நான் உளியை வைத்துவிட்டுச் சிரித்தேன், ரொம்ப நாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தேன்.

இரண்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும், ஒரு அடி போட்டதும் சத்தம் மாறியது. கெட்டியாகக் கேட்டுக்கொண்டிருந்தது பொத்தென்று கேட்டது. அடுத்த அடியில் ஒரு துண்டு உள்ளே விழுந்தது. ஒரு ரூபாய்க் காசு அளவு ஓட்டைதான். கீழே செல்லக்கண்ணு அக்கா, "அடியே வெற்றி, எறங்கி வாடி, வந்து பாரு" என்று கத்தினாள். ஏதோ முட்டு நழுவிவிட்டது என்று பதறிக்கொண்டு ஏணியில் இறங்கினேன். ஒன்றும் இல்லை. அந்தத் தூசிக்குள் மேலேயிருந்து தரைவரைக்கும் ஒரு கம்பு மாதிரி வெயில் நின்றுகொண்டிருந்தது. அக்கா அதற்குள் கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள். அப்புறம் அந்த வெளிச்சத்தில்தான் தெரிந்தது, பீரோவுக்குப் பின்னால் சுவரெல்லாம் கரையான் கோடு கோடாக ஏறியிருக்கிறது, மரப்பெட்டியின் அடிப்பலகை வரை வந்துவிட்டது, அந்தப் பெட்டிக்குள்தான் உன் சர்டிபிகேட்டுகளும் பட்டாவும் இருக்கின்றன. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் மண்ணாகப் போயிருக்கும். அன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்து வெயிலில் காயவைத்து மருந்து அடித்தேன். இருட்டு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்.

மூன்றாம் நாள் ஓட்டையை முழுதாக எடுத்து, கம்பியைத் தேய்த்து, துரு பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு அடித்தேன். சுற்றி இரண்டு வரி செங்கல் வைத்து மேடு கட்டினேன். கண்ணாடிக்குக் காதர் பாட்சா பாய் கடைக்குப் போனேன். மெல்லிசாக ஒன்று போதும் என்றேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அது வேணாம்மா. இது ரெண்டு கண்ணாடிய ஒட்டி நடுவுல ஒரு தாள் மாதிரி வச்சது, ஒடைஞ்சாலும் தலையில கொட்டாது. மகள அவ்வளவு தூரத்துல வச்சிருக்கீங்க, அது நிம்மதியா இருக்கணும்ல. இன்ஷா அல்லாஹ் நல்லபடியா வச்சிடுவீங்க" என்று அவரே அளந்து அறுத்துக் கொடுத்தார். போர்வையில் சுற்றி ஆட்டோவில் நானும் அக்காவும் மடியில் வைத்துக்கொண்டே வந்தோம். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரி போய்க் குண்டும் குழியுமான ரோடு, ஒவ்வொரு குழிக்கும் அவள் டிரைவரின் பரம்பரையையே திட்டினாள். சாயங்காலத்துக்குள் கண்ணாடியை வைத்துப் பசை போட்டு முடித்துவிட்டோம்.

இனிமேல் சொல்வதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஐப்பசி பத்தாம் தேதி காலையில் பிடித்த மழை மத்தியானம் வரை விடவில்லை. முதலில் ஒரு சொட்டு, அப்புறம் சுவரோரமாக ஒழுக்கு, குண்டான், வாளி, அன்னக்கூடை எல்லாம் வைத்தும் போதவில்லை. உன் பெரியப்பா குடையோடு வந்து போட்டோ எடுத்தார். மழை விட்டதும் உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேரையும் மேஸ்திரியையும் கூட்டி வந்து வாசலில் நிறுத்திவிட்டார். தளம் இறங்கினால் தன் சுவரும் போய்விடும், இரண்டு நாளில் கான்கிரீட் போட்டு மூடவேண்டும், இல்லாவிட்டால் தாலுகா ஆபீஸில் மனு கொடுப்பேன் என்று சத்தம் போட்டார். எனக்கு உள்ளுக்குள் அழுகையாக வந்தது, பொய் சொல்லவில்லை. புடவையெல்லாம் நனைந்து, கையில் துடைக்கிற துணியோடு நின்றேன். ஆனால் வாயைத் திறந்தபோது வேறு குரல் வந்தது. "மாமா, நீங்க அடைச்ச சன்னல நீங்க தொறந்து விடுங்க, நான் தொறந்தத இப்பவே மூடிடறேன். உங்களால முடியாதுன்னா என்னாலயும் முடியாது. மனு குடுங்க, நானும் என் பட்டாவ எடுத்துக்கிட்டு அதே ஆபீசுக்கு வரேன். எங்க ஒழுவுதுன்னு கண்டுபுடிக்க எனக்குத் தெரியும்" என்றேன். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். மேஸ்திரி மட்டும் போகும்போது மேலே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் வெயில் அடித்ததும் மேலே ஏறி, பழைய தளமும் புதுச் செங்கலும் சேரும் இடத்தில் ஆணியால் கீறிப் பார்த்தேன், பூச்சு தோல் மாதிரி உரிந்து வந்தது. தப்பு என்னுடையதுதான். பழைய தளத்தைக் கொத்திவிட்டு, கழுவி, சிமெண்ட் பால் ஊற்றிய பிறகுதான் கல் வைக்கவேண்டும். இருபத்திரண்டு வருஷம் அந்தப் பாலைக் கரைத்துக் கொடுத்தவள் நான், என் வீட்டுக்குச் செய்யும்போது யாராவது வந்து தடுத்துவிடுவார்களோ என்ற அவசரத்தில் விட்டுவிட்டேன். கண்ணாடியையும் தண்ணீர் வடியாதபடி மட்டமாக வைத்திருந்தேன். மனசு விட்டுப்போகவில்லை, காரணம் தெரிந்துவிட்டதே என்று சந்தோஷம்தான் வந்தது. கண்ணாடியை அலுங்காமல் கழற்றி, மேட்டை முழுக்க இடித்துவிட்டு, முறைப்படி மறுபடி கட்டினேன். இந்தத் தடவை மேற்கே சரிவு கொடுத்து, வெளியே சுற்றிலும் வட்டமாக மடக்கிப் பூசி, ஏழு நாள் சாக்கு நனைத்துப் போட்டு ஆறவைத்தேன். அப்புறம் நானும் அக்காவும் இருபது குடம் தண்ணீரைக் கண்ணாடி மேல் ஊற்றினோம். கீழே தரையில் மாக்கோலம் போட்டு வைத்திருந்தேன், ஒரு புள்ளி கலையவில்லை.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள் புயல் மழை வந்ததே, டி.வி.யில் பார்த்துவிட்டுப் பத்து தடவை போன் பண்ணினாயே, நான் ஒன்றும் இல்லை ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேனே, நிஜமாகவே ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கொட்டியது. நான் நடு அறையில் பாயைப் போட்டு மல்லாந்து படுத்து, கண்ணாடி மேல் மழை விழுந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐம்பத்துமூன்று வயசில் நனையாமல் மழையை அடியிலிருந்து பார்த்தேன். உன் பெரியப்பா வீட்டு மாடியில் ஒரு இடத்தில் ஒழுகியதாம், பெரியம்மாவே வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் சிரிக்கவில்லை, எந்த இடம் என்று மட்டும் கேட்டேன், வேண்டுமானால் வந்து பார்க்கிறேன் என்றேன். வெயில் காலத்தில் சூடு தாங்காது என்று நீ அடுத்துக் கேட்பாய். கம்பியில் பச்சை வலைத்துணி ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன், உச்சி வெயிலில் இழுத்து மூடிவிட்டு அப்புறம் திறந்துவிடலாம்.

மழை விட்டு மூன்றாம் நாள் கிருஷ்ணமூர்த்தி மேஸ்திரி தானாக வந்தார். ஏணியைக் கேட்டார், காட்டினேன். மேலே கால் மணி நேரம் இருந்தார், ஆணியால் கீறும் சத்தம் எனக்குக் கேட்டது. இறங்கி வந்து, செல்லக்கண்ணு அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "மடக்குப் பூச்சு யாரு பூசுனது" என்றார். நான்தான் என்றேன். "செந்துறையில ஒரு வூட்டு வேல ஓடுது, வரியா" என்றார். பூசுகிற கரணை கொடுப்பீர்களா, கலவைச் சட்டி கொடுப்பீர்களா என்று கேட்டேன். அவர், "ஆளுங்க என்ன சொல்லுவானுங்க வெற்றி" என்று இழுத்தார். "அப்ப நீங்க ஆளுங்கள வச்சே பாருங்க, நான் வரல" என்று சொல்லிவிட்டேன். கோபமாகப் போகவில்லை, கொஞ்சம் யோசித்துக்கொண்டு போனார். அவர் யோசிக்கட்டும்.

எனக்குக் காத்திருக்க நேரம் இல்லை. வரதராஜன்பேட்டையில் வீட்டுக்குள் தையல் மிஷின் வைத்திருக்கும் மர்ஜியா என்ற பெண், அவள் தைக்கும் அறைக்கு நாலு பக்கமும் சுவர்தான், காதர் பாட்சா பாய் கடையில் நம் வீட்டுக் கதையைக் கேட்டுவிட்டுப் போன வாரம் வந்து பார்த்தாள். கண்ணாடிக்குக் கீழே உட்கார்ந்து ஊசியில் நூலைக் கோத்துப் பார்த்தாள், ஒரே தடவையில் கோத்துவிட்டாள். எங்கள் வீட்டிலும் இதே மாதிரி வைத்துக் கொடுங்கள் என்றாள். சக்தி முதலில் போய்த் தளத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லியிருக்கிறாள். வருகிற திங்கட்கிழமை நானும் செல்லக்கண்ணு அக்காவும் போகிறோம். அக்காவுக்கும் ஒரு கரணை வாங்கியாகிவிட்டது, இரண்டு நாளாகப் பின்பக்கச் சுவரில் பூசிப் பூசிப் பழகுகிறாள், கோணலாகத்தான் வருகிறது, வந்துவிடும்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை கண்ணு. நீ என்னை ஒரு பாதுகாப்பான இடத்தில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க நினைத்தாய், பெற்ற பிள்ளைக்கு அந்த நினைப்பு வரத்தான் வேண்டும். ஆனால் என்னை எங்கே வைப்பது என்று இனி யாரும் பேச வேண்டாம், நான் எடுத்து வைக்கிற சாமான் இல்லை. பெரியப்பா போன் செய்தால் மரியாதையாகப் பேசு, அம்மாவைக் கேளுங்கள் என்று மட்டும் சொல். வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, பிலால் கையில் கொடுத்துவிட்ட முந்திரிப் பருப்பையும் பருப்புப் பொடியையும் கூட இருக்கும் பிள்ளைகளுக்கும் கொடு. லீவு எப்போது என்று முன்கூட்டியே சொல், நான் வேலையில் இருக்கும் நாளாக இருந்தால் சாவியை எங்கே வைப்பது என்று யோசிக்கவேண்டும். நீ நினைத்ததெல்லாம் நடந்து, யாருக்கும் தலை குனியாமல் நூறு வயசு இருக்கவேண்டும்.

என்றும் உன் நலத்தை வேண்டும் அம்மா,
செ. வெற்றிச்செல்வி, கொத்தனார்,
ரெட்டிபாளையம்.